பிரபு வம்சம் என்று சொல்லும் காகிதம் எங்கிருந்து வந்தது?

பிரான்சில் வாரிசு தேடுவது என் தொழில். உயில் எழுதாமல், நெருங்கிய சொந்தம் யாரென்றே தெரியாமல் ஒருவர் இறந்துபோனால், அங்கே சொத்துப் பங்கீட்டைக் கவனிக்கும் சட்ட அதிகாரியான நோட்டரி எங்களைக் கூப்பிடுவார். பதிவேடுகளைப் புரட்டி, மூன்று நான்கு தலைமுறை மேலே போய், அங்கிருந்து கீழே இறங்கி, எங்கோ ஒரு மூலையில் இருக்கும் பங்காளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்ச காலமாக வேறு மாதிரி ஆட்களும் வருகிறார்கள். கையில் வண்ண அச்சில் நீளமான ஒரு வம்சாவளி, அதன் தலையில் ஒரு கேடயச் சின்னம். இடைக்காலப் பிரபு குடும்பம் ஒன்றின் வழி தாங்கள் வந்ததாக அதில் போட்டிருக்கும். “சரிதானான்னு பாத்து ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க” என்பார்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் இணையதளத்தில் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். அதைப் பார்த்தால்தான் வயிற்றெரிச்சல்.

அப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்வது லா தூர் தோவெர்ன் குடும்பத்தின் கதையை. அது கொஞ்சம் நீளம்.

பிரான்சின் நடுவே ஓவெர்ன் என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே லா தூர் என்ற ஊரை ஆண்ட சிற்றரசர்கள் இவர்கள். இடைக்கால ஆவணங்களில் கௌரவமாகவே தலைகாட்டுகிறார்கள். 1389இல் இந்தக் குடும்பத்தின் மூத்த கிளையைச் சேர்ந்த பெர்த்ரான், ஓவெர்ன் கோமகன் வம்சத்து மரியைக் கட்டிக்கொண்டார். அந்த உறவால் 1437இல் ஓவெர்ன், பூலோன் ஆகிய இரண்டு கோமகன் பட்டங்களும் இவர்கள் வீட்டுக்கு வந்தன. ஆக, ஓவெர்ன் பட்டம் பெண் வழி வந்த சொத்து. இந்த மூத்த கிளையில் பிறந்த மதலேன் 1518இல் ஃபிளாரன்சின் லொரென்சோ தெ மெதிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு, அடுத்த ஆண்டே பிள்ளை பெற்றுப் போட்டுவிட்டு இறந்துபோனாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் பிரான்சின் ராணியான கேத்தரின் தெ மெதிச்சி. மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போக, ஓவெர்ன் பட்டம் கடைசியில் அரச குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் கதை இளைய கிளையைப் பற்றியது. இவர்கள் ஒலியேர்க் என்ற இடத்துப் பிரபுக்கள். 1444இல் ஒரு கல்யாணத்தால் துரேன் பட்டம் கிடைத்தது. 1591இல் இன்னொரு கல்யாணம். பிரான்ஸ் அரசர் நாலாம் ஹென்றியின் தோழரான ஹென்றி த லா தூர், பூயோன் டியூக் பட்டத்துக்கும் செடான் என்ற குட்டி நாட்டுக்கும் வாரிசான ஷார்லோத்தை மணந்தார். அவள் மூன்றே ஆண்டுகளில் இறந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆனாலும் செடான் ஹென்றியிடமே நின்றது. அதோடு இந்தக் குடும்பம் ‘சுதந்திர நாட்டு இளவரசர்’ வரிசைக்கு ஏறிவிட்டது. அவருடைய மகன் 1642இல் அரசருக்கு எதிரான ஒரு சதியில் மாட்டி, தலை தப்புவதற்காக அந்தச் செடானையே கொடுத்துவிட்டார். ஆண்டது அரை நூற்றாண்டு. இன்னொரு மகன்தான் துரேன் என்று பேர்போன தளபதி.

பதினாலாம் லூயியின் அரண்மனையில் யார் எங்கே உட்காரலாம், யார் யாருக்கு முன்னால் நடக்கலாம் என்பதெல்லாம் வாழ்வா சாவா விவகாரம். ‘அயல்நாட்டு இளவரசர்’ என்று ஏற்கப்பட்ட குடும்பத்தின் பெண்கள் ராணியின் முன்னால் முக்காலியில் உட்காரலாம். பூயோன் டியூக்குகளான இந்தக் குடும்பத்துக்கு அந்த மரியாதை அரசரின் தயவால் கிடைத்திருந்தது. தயவால் வந்தது தயவு போனால் போய்விடும், பிறப்பால் வந்ததைத்தான் எவராலும் பறிக்க முடியாது. இது துரேனின் அண்ணன் மகனான கார்டினல் பூயோனுக்கு நன்றாகத் தெரியும். ஓவெர்னைப் பழங்காலத்தில் ஆண்ட கோமகன்களின் நேரடி ஆண் வாரிசு தாங்கள் என்று நிரூபித்துவிட்டால் போதும். அந்தப் பழைய வம்சத்தில் அக்கிட்டேன் டியூக் வில்லியமும் உண்டு. 910வாக்கில் க்ளூனி என்ற பேர்போன கிறிஸ்தவ மடத்தை நிறுவியவர் அவர். கார்டினல் இப்போது அதே மடத்தின் தலைவர். மூதாதையின் மடத்தில் வாரிசே தலைவராக இருக்கிறார் என்று ஆகிவிட்டால் எத்தனை அழகு!

இதில் இல்லாமல் போனது ஒரு சின்ன இணைப்புதான். பத்தாம் நூற்றாண்டுக் கோமகன்களுக்கும் லா தூர் பிரபுக்களுக்கும் நடுவே ஒரு சில தலைமுறை. அந்தக் காலத்து ஆவணங்களில் குடும்பப் பெயரே கிடையாது, வெறும் ‘பெர்னார்’, ‘ஜெரால்’ என்றுதான் இருக்கும். ஓர் ஆவணத்தின் பெர்னாரும் இன்னொன்றின் பெர்னாரும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது?

ஒரு காகிதம் சொன்னது. பிரியூத் ஊரின் புனித ஜூலியன் கோயிலில் பழைய தானப் பதிவேடு ஒன்று உண்டு. அதிலிருந்து கழன்றவை என்று சில தோல் ஏடுகள் வெளிவந்தன. கார்டினலுக்குத் தேவைப்பட்ட அதே தலைமுறைகள், அதே வரிசையில் அவற்றில் இருந்தன. கொண்டுவந்தவர் ழான்-பியேர் த பார். காலமான வம்சாவளி ஆய்வாளர் து பூஷேயின் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தவை என்று சொல்லப்பட்டது.

1695இல் மூன்று பேர் அந்த ஏடுகளைப் பார்த்து, உண்மையானவையே என்று கையெழுத்திட்டார்கள். ஒருவர் எத்தியேன் பலூஸ், மந்திரி கோல்பேரின் நூலகராக இருந்த பெரிய படிப்பாளி. மற்ற இருவரும் பெனெடிக்ட் சபைத் துறவிகளான மபியோனும் ருயினாரும். மபியோன் சாதாரண ஆள் இல்லை. பழைய ஆவணத்தில் உண்மை எது, போலி எது என்று கண்டறியும் முறையையே 1681இல் நூலாக எழுதி ஒரு துறையைத் தொடங்கிவைத்தவர். நான் இன்று செய்யும் வேலைக்குக் கொள்ளுத்தாத்தா மாதிரி. அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

1700இல் த பார் கைது. 1704இல் போலி ஆவணங்கள் தயாரித்ததற்காகத் தண்டனை. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். பலூஸ் விடவில்லை. 1708இல் ஓவெர்ன் குடும்ப வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். ஆள் சிறையில் இருக்க, அவர் கொடுத்த ஏடுகள் ‘சான்றுகள்’ பகுதியில் ஏறின. இதை நான் காசுக்கு விலைபோன கதையாகப் பார்க்கவில்லை. ஒரு முறை சான்று சொல்லிவிட்ட படிப்பாளியால் அந்தக் கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் தொழிலில் இன்றைக்கும் இது நடக்கிறது.

1710இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கார்டினல் எதிரிகளின் பக்கம் ஓடிப்போனார். போகும்போது, பிறப்பால் தான் அயல்நாட்டு இளவரசன், தனக்குச் சுதந்திரம் உண்டு என்று அரசருக்குக் கடிதம் எழுதினார். அதுவரை குடும்பப் பெருமையாக இருந்த வம்சாவளி ஒரே நாளில் ராஜ துரோகத்துக்கு ஆதாரமாகிவிட்டது. பழைய அரசர்களின் வாரிசு என்றால் லூயியின் குடிமகன் இல்லை என்றுதானே பொருள்? அரசவை அந்த நூலை ஒழிக்க உத்தரவிட்டது. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த பலூஸ் பதவிகளை இழந்து பாரிசை விட்டு வெளியேற்றப்பட்டார். ஊர் ஊராக அலைந்து 1713இல்தான் திரும்ப முடிந்தது. மபியோனும் ருயினாரும் அதற்குள் இறந்துவிட்டதால் தப்பினார்கள். க்ளூனியில் கார்டினல் தன் பெற்றோருக்காக எழுப்பிக்கொண்டிருந்த பிரம்மாண்டமான நினைவுச் சின்னத்தின் வேலையும் நின்றது. ரோமில் செதுக்கி வந்த சிலைகள் பல காலம் பெட்டியைவிட்டே வெளியே எடுக்கப்படாமல் கிடந்தன.

மபியோன் எங்கே கோட்டை விட்டார் என்று கேட்பார்கள். எழுத்தின் வடிவம், தோலின் பழமை, வாசகத்தின் நடை இவற்றையெல்லாம் அந்த மூவரும் பார்த்திருக்கலாம். நானாக இருந்தால் அதற்கு முன்னால் ஏடு வந்த வழியைக் கேட்டிருப்பேன். பிரியூத் கோயிலைவிட்டு எப்போது வெளியேறியது, யார் கையில் இருந்தது, இறந்துபோனவரின் காகிதங்களில் இருந்ததை அவர் உயிரோடு இருந்தபோது பார்த்தவர் உண்டா? தேடிய இணைப்பு தேடிய இடத்திலேயே கிடைக்கிறது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டும்.

இது ஏதோ பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். லூயி ஃபிலிப் அரசர் வெர்சாய் அரண்மனையில் சிலுவைப் போர் மண்டபங்களைத் திறந்தபோது, முன்னோர் சிலுவைப் போருக்குப் போனதாக ஆவணம் காட்டும் குடும்பங்களின் சின்னங்களைச் சுவரில் வரைய ஏற்பாடு செய்தார். 1840களில் பிரபு குடும்பங்கள் ஆவணம் தேடி அலைந்தன. கூர்துவா என்பவர் அள்ளி அள்ளிக் கொடுத்தார், விலைக்குத்தான். இத்தாலிய வணிகர்களிடம் முன்னோர்கள் போர்க்களத்தில் கடன் வாங்கிய பத்திரங்கள் அவை. பெருமைக்கு ஆதாரம் கடன் பத்திரம் என்பது எனக்கு இன்னும் சிரிப்பு மூட்டும் விஷயம். யார் போலி செய்தாலும் வீரத்தைப் புகழ்ந்துதான் எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்போம், அதனாலேயே கடன் பத்திரம் நம்பும்படி இருந்தது. அவை போலி என்று ராபர்-ஹென்றி போத்தியே என்ற அறிஞர் நிறுவியது 1956இல்.

இதற்கு நேர்மாறான கதை கூர்தனே குடும்பத்தினுடையது. ஆறாம் லூயி அரசரின் கடைசி மகன் பியேர், 1150வாக்கில் கூர்தனே வீட்டுப் பெண்ணான எலிசபெத்தைக் கட்டி, அந்த வீட்டின் பெயரையும் கேடயச் சின்னத்தையும் ஏற்றுக்கொண்டார். அவர் மகன், சிலுவைப் போர்வீரர்கள் பிடித்து ஆண்ட கான்ஸ்டான்டிநோபிளின் லத்தீன் பேரரசராக 1217இல் ரோமில் முடிசூட்டப்பட்டார். அவர் மகன் பால்துவின் காலத்தில், 1261இல், அந்த நகரமே கைவிட்டுப் போனது. பிரான்சில் இருந்த இளைய கிளைகள் மெல்ல மெல்லச் சிறு நிலக்கிழார்களாக இறங்கின. ஆனால் ஆண் வழியில் அரச ரத்தம் அறுபடவே இல்லை, ஆவணங்களும் தெளிவு. 1603இலிருந்து அரசருக்கு மனு மேல் மனு போட்டார்கள். ஏற்கப்படவில்லை. அவர்களுக்காக 1661இல் பெரிய வம்சாவளி நூல் எழுதியவர் அதே து பூஷேதான். 1730களில் ஆண் வாரிசு அற்றுப்போனது. 1737இல் பாரிஸ் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் பெயரோடு இருந்த ‘பிரான்சின் அரச ரத்தம்’ என்ற சொற்களை அடிக்கச் சொன்னது. அதனால் ‘அரசாங்கமே ஏற்றுக்கொண்ட வம்சம்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. மறுக்கப்பட்டது என்பதும் எனக்குச் சான்று இல்லை.

சரி, இப்போது மேசைக்கு வரும் பட்டியல்களைப் பார்ப்போம். சமீபத்தில் ஒன்று, குடும்பப் பெயர் லா தூர். மேலே ஏறி ஏறி 1640களில் ஒரு ழானில் போய் நிற்கிறது. அந்த ழான் ஒரு பிரபுவின் மகன், அவரிடமிருந்து நேராக இடைக்காலக் கோட்டைக்குப் பாதை. கிராமத்துக் கோயில் பதிவேட்டை இணையத்தில் திறந்தேன். ஞானஸ்நானப் பதிவு உண்மையிலேயே இருந்தது, பிரபுவின் மகன் ழான்தான். இரண்டு பக்கம் தள்ளினால் அடக்கப் பதிவு. அதே ழான், வயது மூன்று மாதம். மூன்று மாதத்தில் இறந்த குழந்தைக்கு அந்தப் பட்டியலில் ஏழு பிள்ளைகள்! வந்தவரின் உண்மையான முன்னோரும் அதே பதிவேட்டில்தான் இருந்தார். அவரும் ழான் லா தூர், உழவர், தன் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடத் தெரியாமல் குறி போட்டவர். லா தூர் என்றால் கோபுரம், கோபுரம் இருந்த ஊரிலெல்லாம் அந்தப் பெயர் உண்டு.

பிரான்சில் ஞானஸ்நானப் பதிவு கட்டாயமானது 1539இல், திருமணமும் அடக்கமும் 1579இல். அதற்கு முன்னால் சாதாரணக் குடும்பங்களைப் பின்தொடர நோட்டரி பத்திரங்களும் வரிப் பட்டியல்களும்தான், அவையும் அதிர்ஷ்டம் இருந்தால்தான். 1300இலிருந்து விட்டுப்போகாமல் இறங்கிவரும் பட்டியல் என்றால், அது எந்தத் தலைமுறையில் உழவர் வீட்டிலிருந்து பிரபு வீட்டுக்குத் தாவுகிறது என்று தேடுங்கள். தாவும் அந்தத் தலைமுறைக்கு மட்டும் ஆவண எண் கேளுங்கள், எந்தக் காப்பகம், எந்தத் தொகுப்பு, எந்தப் பக்கம் என்று. இன்னொரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் அது ஆதாரம் ஆகாது. பாரிஸ் வழியாக 1860க்கு முன்னால் தடையில்லாமல் ஏறும் பட்டியலையும் நிறுத்திப் பாருங்கள். 1871 உள்நாட்டுக் கலவரத்தில் மூண்ட தீயில் நகரத்தின் பழைய பதிவேடுகள் இரண்டு பிரதிகளும் எரிந்துவிட்டன. ஒரு பகுதியைத்தான் பிறகு மீட்டு எழுத முடிந்தது.

கேடயச் சின்னத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிரான்சில் அது பிரபுக்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வணிகர்களும் கைவினைஞர் சங்கங்களும் வைத்திருந்தார்கள். பெயருக்கு நடுவே ‘த’ (de) என்ற பிரெஞ்சுச் சொல் இருப்பதும் பிரபு என்பதற்கு அடையாளம் இல்லை.

பாண்டிச்சேரிக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சொந்த வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள், பலர் பிரெஞ்சுப் பெயராகவே. அதே பெயரில் பிரான்சில் ஒரு பிரபு வம்சம் இருந்தால் இணையதளம் இரண்டையும் சட்டென்று கோத்துவிடும். உங்கள் தாத்தாவின் தாத்தா எந்த ஆண்டு அந்தப் பெயரை எடுத்தார், அதற்கு முன்னால் அவர் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன என்பதைப் பதிவில் தேடிப் பார்க்கலாம். அந்தப் பழைய பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.