நிறம் வெளுத்தால் அளவு கூடுதல்: ஆக்ஸிடோசினை அளப்பது எப்படி?

ஒரே ரத்த மாதிரியில் ஆக்ஸிடோசின் ஒரு முறையில் சில பிகோகிராம் என்றும், இன்னொரு முறையில் பல நூறு பிகோகிராம் என்றும் வருகிறதே, எதை நம்புவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

"அன்பு ஹார்மோன்" எனப்படும் ஆக்ஸிடோசின் 9 அமினோ அமிலங்களால் ஆன நியூரோபெப்டைடு, அதாவது நரம்பு செல்கள் சுரக்கும் குட்டிப் புரதத் துண்டு. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்பமானதை ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே தேடிப் பிடிக்க, அதை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் வேண்டும். பெரிய புரதம் என்றால் இரண்டு எதிர்ப்பொருள்களை இருபுறமும் ஒட்டவைத்து அளக்கலாம். இந்தக் குட்டி மூலக்கூறில் அதற்கு இடமே இல்லை.

அதனால் போட்டி வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தட்டின் சிறு குழிகளில் எதிர்ப்பொருளை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார்கள். அதில் நமது மாதிரியையும், நொதி கோத்த ஆக்ஸிடோசினைக் குறிப்பிட்ட அளவிலும் சேர்த்து விடுகிறார்கள். இருப்பதோ சில நாற்காலிகள்; உட்கார வருபவர்களோ இரு தரப்பு. மாதிரியில் ஆக்ஸிடோசின் நிறைய இருந்தால் நொதிக்காரருக்கு இடம் கிடைக்காது. பிறகு கழுவுகிறார்கள், இடம் கிடைக்காதவை வெளியேறிவிடும். நிறமூட்டும் கரைசலை ஊற்றினால், தங்கிய நொதி அதை மஞ்சளாக்கும். பளிச்சென்ற மஞ்சள் என்றால் ஆக்ஸிடோசின் குறைவு. வெளிறிய குழி என்றால் அதிகம். தேடும் பொருளுக்கு நிறம் கிடையாது. அது பிடித்த இடத்தை, நிறம் குறைவதை வைத்தே கணக்கிடுகிறோம்!

இந்த யோசனை அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவருடையது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாவதை 1950களில் கண்டார்கள். அவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருளா என்று ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த யாலோ, 1977இல் நோபல் பரிசு பெற்றபோது தன் உரையில் அதைக் காட்டினார். பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். அந்த எதிர்ப்பொருளை வைத்தே இருவரும் இந்தப் போட்டி முறையை உருவாக்கினார்கள்; ஆனால் நொதிக்குப் பதில் கதிரியக்க அயோடினைக் கோத்தார்கள். நொதியைக் கோக்கும் முறை 1971இல் வந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். ரத்தத்தில் உள்ள மற்ற புரதங்கள் இந்தப் போட்டியைக் கெடுக்கும். நிறம் குறையும், ஆக்ஸிடோசின் ஏராளம் என்று கருவி காட்டும். அதனால் முதலில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சிறு குழாயிலுள்ள சிலிக்காத் துகள்கள் வழியே செலுத்திப் பெப்டைடைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் பெரும்பாலும் சில பிகோகிராம்தான் தேறும். பிரிக்காமல் வரும் பெரிய எண், புரதங்களோடு பிணைந்திருக்கும் ஆக்ஸிடோசின் என்று வாதிடுவோரும் உண்டு. நான் பிரித்தெடுத்த எண்ணைத்தான் நம்புவேன்.

எளிய சோதனை ஒன்று உண்டு: மாதிரியைப் பாதியாக நீர்க்கச் செய்தால் அளவும் பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் அளந்தது வேறு எதையோ. "அன்பு ஹார்மோன்" பற்றிய ஆய்வு என்றால் பணம் கிடைக்கிறது. அளக்கும் முறையையே சோதிக்கும் வேலைக்குத் தனியாக நிதி ஒதுக்க முன்வருவோர் குறைவு. அதற்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டும் என்பேன்.