50-க்கும் 30-க்கும் இடையில் ஒரு சிறுமி

"நகரத்துச் சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகக் குறைத்தால் உயிர்கள் பிழைக்கும் என்கிறார்களே, வெறும் 20 கிலோமீட்டரில் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். 30-ஐ 50 ஆக்கினால் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. ஆனால் அதைவிட எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, பிரேக் பிடிக்கும் ஓரிரு வினாடிகளுக்குள் அடங்கியிருக்கும் வேறொரு கணக்கு.

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று கொள்வோம். ஒன்றின் வேகம் 30, மற்றதன் வேகம் 50. இரண்டும் ஒரே கோட்டைத் தொடும் கணத்தில், 14 மீட்டர் முன்னால், ஓரமாக நிற்கும் வேன் ஒன்றின் மறைவிலிருந்து ஒரு சிறுமி சாலையில் இறங்குகிறாள். ஓட்டுநர்கள் இருவருமே விழிப்பானவர்கள். கண்டதை மூளை உணர்ந்து கால் பிரேக்கை அடைய இருவருக்கும் ஒரு வினாடி ஆகிறது. சாலை காய்ந்திருக்கிறது, டயர்களும் நல்லவை. ஆகவே பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 7 மீட்டர் குறையும். முதல் கார் அந்த ஒரு வினாடியில் 8.3 மீட்டர் கடந்து, பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டர் உருண்டு, சிறுமிக்கு முக்கால் மீட்டர் இப்பால் நின்றுவிடும். இரண்டாவது காரோ ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 13.9 மீட்டர் வந்துவிடுகிறது. சிறுமிக்கும் அதற்கும் இடையே பத்து சென்டிமீட்டர்தான் மிச்சம். 50 கிலோமீட்டர் வேகம் ஏறக்குறைய முழுதாக அவள்மேல் மோதுகிறது. கழித்துப் பார்த்தால் 20 என்று தோன்றிய வித்தியாசம் அந்த இடத்தில் 50 ஆகிவிடுகிறது.

50, 60 ஆகிய வேகங்களுக்கும் இதையே போட்டுப் பாருங்கள். 50-இல் வந்த கார் 27.7 மீட்டரில் நிற்கும். 60-இல் வந்தது அதே இடத்தைக் கடக்கும்போது இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த கார் தொடக்கத்து மீட்டர்களில் சிறிதளவு வேகத்தையே இழக்கிறது. பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் கரைகிறது. கூடுதல் வேகத்தில் வந்தவருக்குக் கிடைக்காமற்போவது அந்தக் கடைசி மீட்டர்களே.

50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுபவர் தரையைத் தொடும் வேகம். 30-க்கு அந்த உயரம் மூன்றரை மீட்டர். சாலையில் ஒருவரும் சாகக்கூடாது என்று 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'விஷன் ஜீரோ' கொள்கை, உடல் எவ்வளவு தாங்கும் என்ற இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அதற்காக அவர் சாகவேண்டியதில்லை என்று கொண்ட கிளாஸ் டிங்வால் முதலிய வல்லுநர்கள், நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடத்தில் 30, பக்கவாட்டில் மோத வாய்ப்புள்ள சந்திப்பில் 50, நேருக்கு நேர் மோதக்கூடிய சாலையில் 70 என்று உச்ச வேகங்களைப் பரிந்துரைத்தனர். பொறுப்பில் ஒரு பங்கைச் சாலையை வடிவமைத்தவர் தலையிலும் அக்கொள்கை ஏற்றியது.

பலகையில் 30 என்று எழுதிவைத்தால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. ஓட்டுநர் பலகையைவிடச் சாலையின் அகலத்தையே அதிகம் நம்புகிறார். எனவேதான் வேகத்தடைகளும், நடைபாதையின் மட்டத்திற்கு உயர்த்திய கடவைகளும், குறுகிய தடங்களும் தேவைப்படுகின்றன. மூலைத் திருப்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வாகனம் திரும்பும் பாதையின் ஆரம் 12 மீட்டர் என்றால் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்திலும் உடல் அதிகம் சாயாமல் திரும்பிவிடலாம், அதை 4 மீட்டராகச் சுருக்கினால் அதே சுகத்துடன் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஒரே சந்திப்பில் ஆண்டுதோறும் யாராவது சாகிறார்கள் என்றால் அங்கே பேயும் இல்லை, செத்தவரின் தலையெழுத்தும் இல்லை. அகன்ற வளைவோ பார்வையை மறைக்கும் வண்டியோதான் இருக்கிறது. விழிப்புணர்வு வாரங்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியையாவது, மயிரிழையில் தப்பிய மோதல்களைப் பதிவுசெய்து ஆராய ஒதுக்கலாம் என்பது என் கருத்து. சாவு விழுந்த பிறகுதான் தரவு கிடைக்கும் என்றால் அது என்ன ஆராய்ச்சி?

நம் கணக்கில் வந்த வேனைப் பற்றி அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரம் அக்கறையோடு யோசித்தது. மூலைகளை ஒட்டி யாரும் வண்டி நிறுத்த முடியாதபடி தடுப்புக் கம்பங்கள் முதலியவற்றை நட்டுப் பார்வையைத் திறந்துவிட்டது. 2017 ஜனவரிக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்நகரச் சாலைகளில் யாரும் விபத்தில் இறக்கவில்லை. ஆஸ்லோவில் 2019-இல் நடப்பவரோ மிதிவண்டிக்காரரோ ஒருவர்கூடச் சாகவில்லை. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30 வரம்பைக் கொண்டுவந்த ஹெல்சின்கியில், 2024 ஜூலைக்குப் பின் ஓராண்டு முழுவதும் சாலைச் சாவே நிகழவில்லை. இதனால் பயணம் நீளாதா என்றால், நகரத்தில் பயண நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சிக்னல்களும் நெரிசலுமே; இடையில் 50-ஐத் தொடுபவர் அடுத்த சிவப்பு விளக்கின் வரிசையில் சற்று முன்னதாகப் போய் நிற்கிறார், அவ்வளவே.

வேகத்தைக் குறைத்தாலும் தீராத ஒரு சிக்கல், திரும்பும் லாரி. ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் முன் சக்கரத்தின் அருகே நிற்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. நடக்கும் வேகத்தில் திரும்பினாலும் சக்கரத்தின் எடை ஆளைக் கொல்லப் போதும். பிரேக் கணக்கு இங்கே உதவாது, பார்வைதான் உதவும். அதனால் லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெறுங்கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஏற்ற நட்சத்திரத் தரத்துடன் 2021 மார்ச் முதல் அனுமதி பெற்றே ஓட வேண்டும். 2024 அக்டோபரில் இதற்கான குறைந்தபட்சத் தரம் மூன்று நட்சத்திரமாக உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த தரமுள்ள லாரிகள் கேமரா, உணரி முதலிய கூடுதல் சாதனங்களைப் பொருத்தியாக வேண்டும்.