பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு: எந்தக் கவுண்டருக்குப் போவது, எங்கே ஏமாறாமல் இருப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி, இரவெல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த பேரனைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். அரசாங்கத்தின் மடானி மருத்துவத் திட்டத்தை நினைத்து, ‘மடானியில் இலவசமாமே’ என்று கேட்டார். கவுண்டரில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேர் வரவில்லை, காசு கட்டுங்கள் என்றார்கள். கையில் இருந்தது திரும்பி வரும் கார் காசு மட்டும்தான். மருந்து வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வரும் வழியிலேயே அரசாங்க கிளினிக் இருந்தது, அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கதைகள் நம் தோட்டங்களில் ஏராளம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ரோட்டா, நோரோ, அடினோ என்று பல வகை உண்டு. ரோட்டா வைரஸை 1973-ல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். முதலில் வாந்தி, காய்ச்சல், அப்புறம் தண்ணீர் தண்ணீராகப் போகும். 3 முதல் 8 நாள் வரை இழுக்கும். அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆண்டிபயாட்டிக் வேலைக்கு ஆகாது. பிள்ளையைச் சாய்ப்பது உடம்பில் நீர் வற்றுவதுதான். ஆகவே தேவைப்படுவது ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பொட்டலமும், பிள்ளையைப் பார்த்து நிலைமையைச் சொல்லும் ஒரு மருத்துவரும். இரண்டும் அரசாங்க கிளினிக்கில் அந்த 1 வெள்ளிக்குள் அடக்கம்.

அதை வாங்கப் போகும் வழியில்தான் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் சிக்கல் கிளினிக்கின் பெயர். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கிளினிக் டேசா, அதாவது கிராமக் கிளினிக். அங்கே தாதியர் இருப்பார்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளின் தடுப்பூசியையும் பார்ப்பார்கள், மருத்துவர் இருக்க மாட்டார். பிள்ளை வாடிக் கிடக்கும்போது அங்கே போய் உட்கார்ந்தால், பட்டணத்துக்குப் போங்கள் என்ற பதிலோடு அரை நாள் போய்விடும். நேராக, மருத்துவர் இருக்கும் அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். காலையிலேயே போங்கள். மாலையில் எண் கொடுப்பதை நிறுத்திவிட்டால் மறுநாள் வரச் சொல்லுவார்கள். ‘பிள்ளைக்கு வாந்தியும் நிற்கவில்லை, மூத்திரமும் போகவில்லை’ என்று கவுண்டரிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருப்பது மரியாதைதான், ஆனால் நீர் வற்றிய பிள்ளைக்கு வரிசை கிடையாது. முன்னால் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினால் எழவில்லை, எது கொடுத்தாலும் வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கை விட்டுவிட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள பிள்ளையாக இருந்தால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். சுங்கை சிப்புட்டிலேயே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. குழந்தை நிபுணர் வேண்டும் என்றால் அவர்களே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வார்டில் சேர்த்தால் மூன்றாம் வகுப்பு என்று சொல்லி, கையெழுத்துப் போடும் தாளில் வகுப்பு எண்ணைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். குடிமகனுக்கு அந்த வகுப்பின் வார்டுக் கட்டணம் நாளுக்கு 3 வெள்ளி. மேல் வகுப்புத் தாளில் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பில்லைப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

இனி மடானி. ஸ்கிம் பெருபாத்தான் மடானி 2023 ஜூனில் தொடங்கியது. பி40 குடும்பங்கள், அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் உள்ளவர்கள், திடீரென்று வரும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு போன்ற நோய்களுக்கு, பட்டியலில் உள்ள தனியார் கிளினிக்கில் காசு கட்டாமல் மருந்து வாங்கலாம். தொடங்கியபோது குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 250 வெள்ளி. நல்ல திட்டம்தான். ஆனால் அதன் ஓரங்களில் விழுந்தவர்கள் அதிகம்.

இந்தத் திட்டத்துக்கு அட்டை கிடையாது. அட்டை செய்து தருகிறேன் என்று யாராவது தோட்டத்துக்குள் வந்து காசு கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள், ஐசி நகலும் கொடுக்காதீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவரின் பெயர் தானாகவே இதில் சேரும். ஆகவே எஸ்.டி.ஆர். இல்லை என்றால் மடானியும் இல்லை. சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதே பதில்தான். தமிழ்ப்பள்ளியில் உதவி வாங்குகிறோம், கோயிலில் ஏழைப் பட்டியலில் இருக்கிறோம் என்பதெல்லாம் கவுண்டரில் எடுபடாது.

பெரிய ஓட்டை பிள்ளையின் பெயர். எஸ்.டி.ஆர். மனுவில் எழுதிய குடும்பம்தான் கணக்கு. மனு போட்ட பிறகு பிறந்த பிள்ளை அதில் இருக்காது, நீங்களாகப் போய் சேர்த்தால்தான் உண்டு. வயிற்றுப்போக்கு அதிகம் வரும் வயது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, விட்டுப்போகும் பெயரும் அந்த வயதுப் பிள்ளையின் பெயர்தான். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் இதே கதி. பிள்ளையின் பெயர் ஷா ஆலாமில் வேலை செய்யும் அப்பாவின் மனுவில் இருக்கும், கவுண்டரில் நீட்டுவதோ பாட்டியின் ஐசி. பாட்டி கையில் அப்பாவின் ஐசி எண்ணும் பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டும் இருக்க வேண்டும், குறைந்தது போனில் படமாவது வேண்டும். மகனையோ மகளையோ இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது மாவட்டம். முதலில் திட்டம் 10 மாவட்டங்களில்தான் இருந்தது. பேராக்கில் கிந்தா மட்டும், அதாவது ஈப்போ வட்டாரம். சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு அருகில் இருந்தாலும் கோலகங்சார் மாவட்டத்தில் வருவது. அரை மணி தூரத்தில் இருப்பவனுக்கு இலவசம், உனக்கு இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பிறகு மாவட்டங்களைக் கூட்டினார்கள். ஆனால் மாவட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்காக அந்த ஊரில் உள்ள எல்லா கிளினிக்கும் சேர்ந்துவிடாது. வாசலில் மடானி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், போவதற்கு முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இன்னும் எடுக்கிறீர்களா, என் ஐசி எண்ணுக்குத் தகுதி வருகிறதா, எங்கள் கணக்கில் எவ்வளவு மீதம்? ஆண்டுக் கடைசியில் மீதம் இருக்காது. அப்பாவின் இருமலுக்கும் அண்ணனின் காய்ச்சலுக்கும் போனதெல்லாம் ஒரே கணக்கில்தான் கழியும். ‘இல்லை’ என்று பதில் வந்தால் பிள்ளையோடு வேறு கிளினிக் தேடி அலையாதீர்கள், 1 வெள்ளி கவுண்டருக்குப் போய்விடுங்கள்.

ரோட்டா சொட்டு மருந்தை மடானியில் கேட்காதீர்கள். அது திடீர் நோய்க்கான திட்டம், தடுப்பு மருந்து அதில் வராது. ரோட்டா தடுப்பு மருந்து நெடுங்காலமாக அரசாங்கத்தின் இலவச அட்டவணைக்கு வெளியே, தனியாரிடம் காசு கொடுத்து வாங்குவதாகவே இருந்து வந்திருக்கிறது. தடுப்பூசிப் புத்தகத்தில் எல்லாக் கட்டத்திலும் சாப் (முத்திரை) இருக்கிறது, ஆகவே ரோட்டாவும் போட்டாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் வாரத்திலேயே தாதியிடம் கேளுங்கள். முதல் சொட்டு 15 வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு காசோடு போனாலும் தொடங்க மாட்டார்கள்.

பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1 வெள்ளி என்பது குடிமகனுக்கு. பிறப்புப் பத்திரம் எடுக்காத பிள்ளைக்கும், பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று விழுந்த பிள்ளைக்கும் பெரும்பாலும் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். அந்தக் காசுக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அவசரம் என்றால் முதலில் அவசரப் பிரிவு, பில்லைப் பிறகு பேசலாம், மருத்துவமனையில் சமூகநல அதிகாரி இருப்பார், அவரைக் கேளுங்கள். பிறப்பை 60 நாளுக்குள் பதிவு இலாகாவில் பதிந்துவிடுங்கள். அதற்கும் முன்னால் கல்யாணம். கோயிலில் தாலி கட்டியது 1982 மார்ச் முதல் சட்டத்துக்குப் போதாது, பதிவு வேண்டும். அம்மா வெளிநாட்டுக்காரராக இருந்து கல்யாணமும் பதியாமல் இருந்தால், அப்பா இந்த மண்ணில் மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருந்தாலும் பிள்ளை குடிமகன் ஆகாது. இதை மாற்ற ஆண்டுக்கணக்கில் படியேறும் குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கல்யாணப் பதிவு பிரசவத்துக்கு முன்னால் முடிய வேண்டும்.

பிள்ளையோடு போன அம்மாவின் அன்றைய சம்பளம்? பிள்ளைக்கு நோய் என்பதற்காக அம்மாவுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடையாது. சட்டத்தில் நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டும்தான். கிளினிக்கில் தருவது வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப். அதையும் கேட்டால்தான் தருவார்கள், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதை வைத்து கிராணியிடம் (தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவிடம்) பேசி ஆண்டு விடுப்பில் கழிக்கச் சொல்லலாம், குறைந்தது ‘சொல்லாமல் போனாள்’ என்ற பேச்சு வராது. இரண்டு நாள் கழித்து அதே வைரஸ் அம்மாவுக்கும் ஒட்டும். அது அவருடைய சொந்த நோய், அதற்கு எம்.சி. உண்டு. தோட்டம் சொல்லும் பேனல் மருத்துவரிடம் வாங்குங்கள், 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் எம்.சி. கையில் இருந்தும் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள்.

வீட்டில் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களில் 250 மில்லிக்குக் கரைப்பதும் உண்டு, 1 லிட்டருக்குக் கரைப்பதும் உண்டு. பொட்டலத்தில் மலாயில் எழுதியிருப்பதை மருந்துக் கவுண்டரிலேயே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஹண்ட்ரட் பிளஸ் அதற்கு மாற்று ஆகாது, சர்க்கரை கூடிப் போக்கும் கூடும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்கான போக்கு நிறுத்தும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதை இன்றோடு விடுங்கள். நின்ற பிறகும் இரண்டு நாள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயா கொட்டகைக்கு அனுப்பாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாட்டிலில் அடிக்கும் ஜெல்லுக்கு நோரோ அவ்வளவாக அடங்காது.

கன்றுக்குட்டிக்கும் அதே நேரத்தில் கழிந்தால் பிள்ளைக்கு மாட்டிடமிருந்து வந்தது என்று பழி விழும். பிறந்து சில வாரமான கன்றுக்கு ரோட்டாவும் கொரோனா வகை வைரஸும் வரும்தான், ஆனால் பெரும்பாலும் அது மாட்டு வகை. நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்து சாவது பார்வோ, அது மனிதருக்கு வராது. கால்நடை இலாகாவில் கன்றுக்குத் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். சாணம் அள்ளிய கையைக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறூட்டாமல் இருந்தால் போதும்.

ஒரே லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் விழுந்தால் தண்ணீரைக் கேளுங்கள். 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446, வீடு கொடுத்த தோட்டம் பொதுக் குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. கேட்டால் தோட்ட ஆபீஸ் தண்ணீர் வாரியத்தைக் காட்டும், வாரியம் மீட்டருக்கு உள்ளே தோட்டத்தின் பொறுப்பு என்னும். இரண்டுக்கும் நடுவில் ஓடாதீர்கள். நோய் என்றால் மாவட்ட சுகாதார அலுவலகம், நமக்கு அது கோலகங்சார், ஈப்போவில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். குழாய் என்றால் தொழிலாளர் இலாகா. வாயால் சொன்ன புகார் புகாரே இல்லை. எழுதிக் கொடுங்கள், விழுந்த பிள்ளைகளின் வயதையும் தேதியையும் எழுதுங்கள், உங்கள் நகலில் சாப் அடித்து வாங்குங்கள். புகாரில் முதல் பெயர் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். வேலையிலிருந்து நின்ற பிறகும் அதே வீட்டில் இருப்பவர் எழுதினால், நீங்கள் எங்கள் தொழிலாளி இல்லையே என்று அந்த ஒரு வரியிலேயே கோப்பை மூடிவிடுவார்கள்.