புயலின் எண் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் என்ற ஹரிக்கேன் (அட்லாண்டிக் பக்கம் கடும் புயலுக்கு அப்படித்தான் பெயர்) அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கரையைக் கடந்தது. அன்றைக்கு அறிவித்த காற்றின் வேகம் மணிக்கு 155 மைல், அதாவது ஏறக்குறைய 250 கி.மீ. அந்தக் கணக்குப்படி அது நான்காம் வகைப் புயல். ஆறு மாதம் கழித்து, 2019 ஏப்ரலில், மியாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் அதைத் திருத்தியது: 160 மைல், ஐந்தாம் வகை. 1992-இல் தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்ட ஆண்ட்ரூ புயலுக்கு இந்தத் திருத்தம் வரப் பத்து வருடம் ஆனது. அதுவும் நான்கிலிருந்து ஐந்துக்குப் போனதுதான்.

ஊரையே துடைத்துப் போட்ட ஒரு புயலின் வேகத்தைச் சொல்ல ஏன் இத்தனை நாள்? ஓர் எளிய கருவியை வைத்து அளந்துவிட முடியாதா? முடியாது என்பதுதான் நிலைமை. நாம் செய்தியில் பார்க்கும் அந்த எண் பெரும்பாலும் நேரடியாக அளந்து வந்ததல்ல. பல தடயங்களை வைத்து நிபுணர்கள் வந்து சேரும் மதிப்பீடு.

முதலில் அந்த அளவுகோலைப் பார்த்துவிடலாம். ஹெர்பர்ட் சாஃபிர் ஒரு கட்டடப் பொறியாளர். புயல் அடிக்கும் பகுதிகளில் மலிவு வீடுகள் கட்டுவது பற்றி 1969-இல் ஐ.நா. சபைக்காக ஆய்வு செய்தபோது, எந்த வேகக் காற்றுக்கு எந்த அளவு சேதம் வரும் என்று ஒன்று முதல் ஐந்து வரை ஒரு வரிசை போட்டார். அப்போது ஹரிக்கேன் மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதோடு கடல் எவ்வளவு உயரும், மையத்தில் காற்றழுத்தம் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்தார். இதுதான் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல். மணிக்கு 119 கி.மீ. தொட்டால் முதல் வகை, 154-இல் இரண்டு, 178-இல் மூன்று, 209-இல் நான்கு, 252-க்கு மேல் எல்லாமே ஐந்து. மூன்றும் அதற்கு மேலும் வந்தால் 'பெரும் புயல்' கணக்கில் சேரும்.

இங்கே வேகம் என்றால் என்ன வேகம் என்பதைக் கவனிக்க வேண்டும். தரையிலிருந்தோ கடல் மட்டத்திலிருந்தோ 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடம் முழுக்கத் தொடர்ந்து வீசும் காற்றின் சராசரி. அதுவும் புயலில் எந்த இடத்தில் அது மிக அதிகமோ அந்த ஓரிடத்தில். நொடி நேரம் வந்து போகும் சூறைக்காற்று இதைவிட வேகமாக இருக்கும்; அது இந்தக் கணக்கில் சேராது. உலக வானிலை அமைப்பு 10 நிமிடச் சராசரியைப் பரிந்துரைக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் 3 நிமிடம் எடுக்கிறது. சராசரி எடுக்கும் நேரம் நீளும்போது எண் சற்றுக் குறையும். எனவே ஒரு நாட்டின் அறிவிப்பில் வந்த வேகத்தை இன்னொரு நாட்டின் அறிவிப்போடு அப்படியே ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

சரி, அந்த ஓரிடத்தை எப்படிப் பிடிப்பது? கடலில் அங்கே கருவி எதுவும் இருக்காது. கரையில் இருந்தாலும் உச்சக் காற்று வருவதற்குள் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆண்ட்ரூ வந்த இரவில் ஹரிக்கேன் மையத்தின் மாடியில் இருந்த ரேடாரே காற்றோடு போனது.

அதனால்தான் விமானத்தை உள்ளே விடுகிறார்கள். 1943-இல் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க ராணுவ விமானி, ஒரு சின்னப் பயிற்சி விமானத்தில் டெக்சாஸ் கரைக்கு அருகே ஒரு ஹரிக்கேனுக்குள் நுழைந்து திரும்பினார். பந்தயத்துக்காகப் போனார் என்று சொல்வார்கள். அதே நாளில் இன்னொரு தடவையும் போய்வந்தார். இன்றைக்கு அது அன்றாட வேலை. நான்கு இயந்திர விமானம் பெரும்பாலும் 3 கி.மீ. உயரத்தில் புயலின் கண்ணை ஊடுருவி, குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை கடக்கும். அந்த உயரத்தில் கிடைக்கும் வேகத்தில் சுமார் 90 சதவீதம் கீழே கடல் பரப்பில் இருக்கும் என்பது ஒரு நடைமுறைக் கணக்கு.

விமானம் போகிற போக்கில் டிராப்சோண்டு என்ற குழாய் வடிவக் கருவியைக் கீழே போடுவார்கள். சிறிய பாராசூட்டில் இறங்கும்போது அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே வரும். காற்று அதை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பது ஜி.பி.எஸ். மூலம் தெரிந்துவிடும். கடலில் விழுந்ததும் கதை முடிந்தது. யாரும் போய் எடுப்பதில்லை. கண்ணின் மையத்தில் போட்ட கருவி சரியாக மையத்தில்தான் விழுந்ததா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அதற்கு நிபுணர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். உண்மையான மையத்தில் காற்று ஏறக்குறைய நின்றுபோயிருக்க வேண்டும். விழும் நேரத்தில் கருவி 10 நாட் (மணிக்குச் சுமார் 19 கி.மீ.) வேகக் காற்றைக் காட்டினால் மையம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று பொருள். வந்த அழுத்தத்திலிருந்து ஒரு மில்லிபாரைக் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கழித்துக்கொள்வார்கள். 20 நாட் என்றால் இரண்டு. இப்படிக் கூட்டிக் கழித்துத்தான் அந்த எண் பிறக்கிறது.

விமானத்தின் இறக்கைக்குக் கீழே இன்னொரு கருவி, கடல் பரப்பில் இருந்து எழும் நுண்ணலையை அளக்கும். காற்று வலுக்க வலுக்கக் கடலில் வெள்ளை நுரை கூடும். நுரை கூடினால் நுண்ணலை வெளிச்சமும் கூடும். நடுவில் கொட்டும் மழையும் இதே அலைகளை வெளியிட்டுக் குழப்பும் என்பதால், பல அலைவரிசைகளில் பார்த்து இரண்டையும் பிரிக்கிறார்கள்.

இந்த வசதியெல்லாம் அட்லாண்டிக்கில்தான் வழக்கமாகக் கிடைக்கும். உலகின் மற்றக் கடல்களில் பெரும்பாலும் செயற்கைக்கோள் படமே கதி. 1970-களில் வெர்னன் டுவோரக் என்ற வானிலையாளர், மேகங்கள் சுருண்டிருக்கும் விதத்தை வைத்தே புயலின் வலுவைச் சொல்லும் முறையை உருவாக்கினார். நடுவில் இருக்கும் கண் எவ்வளவு வெப்பமாகவும், அதைச் சுற்றிய மேக வளையத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சியாகவும் இருக்கிறதோ அவ்வளவு வலு. 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். 4 என்றால் ஹரிக்கேன் தொடங்கிவிட்டது, 8 என்றால் மணிக்கு 315 கி.மீ. படத்தைப் பார்த்து வேகம் சொல்வதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் அந்த எண், ஆபத்தில் பாதியைக்கூடச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். மிசிசிப்பிக் கரையில் நடந்ததைப் பாருங்கள். 1969-இல் அங்கே கமீல் புயல் ஐந்தாம் வகையாக வந்தது; கடல் சுமார் 24 அடி எழுந்தது. 2005-இல் கத்ரீனா மூன்றாம் வகையாகத்தான் கரை ஏறியது. கமீலைத் தாங்கிய வீடு இதைத் தாங்காதா என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கடல் 28 அடி வந்தது. கரைக்கு வரும்போது கத்ரீனாவின் உச்சக் காற்று குறைந்திருந்தது உண்மை. ஆனால் புயல் மிகப் பெரியது, நடுக்கடலில் ஐந்தாம் வகையாக இருந்தபோதே தண்ணீரைத் திரட்டத் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கரையில் கடல் ஆழமில்லாதது. தள்ளப்பட்ட நீர் நிலத்தின் மேல் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

2008-இல் டெக்சாஸில் ஐக் என்ற இரண்டாம் வகைப் புயலும் இதே பாடத்தைத் திரும்ப நடத்தியது. கடைசியில் 2010-இல் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலிலிருந்து கடல் எழுச்சியையும் அழுத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் அது வெறும் காற்றின் அளவுகோல். நேர்மையான முடிவுதான், ஆனால் மக்கள் மனதில் 'இரண்டு என்றால் சின்னது' என்ற கணக்கு மாறவில்லை. அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை இந்தப் புயல்களில் நேரடியாக இறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். அதில் பாதிக்கு மேல் கடல் எழுச்சி, அடுத்தது மழை வெள்ளம். 2024-இல் ஹெலீன் ஃபுளோரிடாவில் நான்காம் வகையாக நுழைந்தது. ஆனால் பேரழிவு நடந்தது கரையிலிருந்து பல நூறு கி.மீ. தள்ளி, வடக்குக் கரோலினாவின் மலைப்பகுதியில். அங்கே போய்ச் சேரும்போது அது ஹரிக்கேனாகவே இல்லை.

இப்போது பருவநிலை மாற்றத்துக்கு வரலாம். புயல் ஒரு வெப்ப இயந்திரம். அடியில் வெதுவெதுப்பான கடல், மேலே 15 கி.மீ. உயரத்தில் உறையவைக்கும் குளிர். கடல்நீர் ஆவியாகி மேலே போய் மேகமாகக் குளிரும்போது, ஆவியாவதற்கு எடுத்துக்கொண்ட வெப்பம் திரும்ப வெளியே வரும். அதுதான் எரிபொருள். கடல் பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் இயந்திரம் கிளம்பும்.

ஓடத் தொடங்கிய பிறகு எதுவரை வலுக்கும்? 1980-களில் கெர்ரி இமானுவேல் என்ற விஞ்ஞானி இதற்கு அழகான விடை தந்தார். காற்று வேகம் இரண்டு மடங்கானால், கடலிலிருந்து ஏறும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் அலைகளோடு உராய்ந்து இழக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே ஏதோ ஒரு வேகத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும், அதுவே உச்சவரம்பு. கடல் சூடானால் வரவு கூடும், உச்சவரம்பும் மேலே போகும். எல்லாப் புயலும் அந்த வரம்பைத் தொடுவதில்லை. குறுக்கே அடிக்கும் மேல்காற்று பல புயல்களைச் சாய்த்துவிடும். வறண்ட காற்று உள்ளே புகுந்து மூச்சை அடைக்கும்.

உலகம் 2 டிகிரி சூடானால் புயல்களின் உச்ச வேகம் சராசரியாக 5 சதவீதம் கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 5 சதவீதமா, அவ்வளவுதானா என்று தோன்றலாம். மும்மடிக் கணக்கில் அது 16 சதவீத ஆற்றல்.

மழை விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். 2017-இல் ஹார்வி டெக்சாஸில் நாள்கணக்கில் நகராமல் நின்று, நெடர்லாந்து என்ற ஊரில் மட்டும் 1,500 மி.மீ.-க்கு மேல் கொட்டியது. புவி வெப்பமாதல் இல்லாத உலகில் அந்த மழை எவ்வளவு குறைந்திருக்கும் என்று பல குழுக்கள் கணக்கிட்டன. பருவநிலை மாற்றத்தின் பங்கு ஒரு ஆய்வில் சுமார் 15 சதவீதம், இன்னொன்றில் 38 சதவீதம். 7 சதவீத விதியை மிஞ்சுவது ஏன்? கூடுதல் நீராவி குளிரும்போது கூடுதல் வெப்பத்தை விடுகிறது, அது இன்னும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது என்பது முக்கியமான விளக்கம். கடல் எழுச்சியில் கணக்குப் போட எந்தச் சிக்கலும் இல்லை: 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. காற்று ஒரு துளிகூட வலுக்காவிட்டாலும் ஒவ்வொரு புயலும் அந்த உயரத்தில் இருந்துதான் தொடங்கும்.

இப்படிச் சொன்னதும் 'புயல்கள் பெருகிவிட்டன' என்று எழுதிவிடுவார்கள். அது சரியில்லை. உலகில் ஆண்டுக்கு 80 முதல் 90 வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. அந்த எண்ணிக்கை கூடியதற்கு உறுதியான சான்று கிடையாது. பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்வது வேறு: கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவான புயல்களில் மூன்றாம் வகையையோ அதற்கு மேலோ தொடுகிறவற்றின் பங்கு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். இதையும் எளிதாகச் சொல்லிவிடவில்லை. பழைய செயற்கைக்கோள் படங்கள் மங்கல், புதியவை துல்லியம். நேரடியாக ஒப்பிட்டால் கருவியின் முன்னேற்றமே புயலின் வளர்ச்சிபோலத் தெரியும். எனவே ஜேம்ஸ் காசின் என்ற விஞ்ஞானியின் தலைமையிலான குழு வினோதமான வேலை ஒன்று செய்தது: நல்ல படங்களையும் பழைய தரத்துக்கு மங்கலாக்கி, 1979 முதல் 2017 வரை எல்லாவற்றையும் ஒரே கணினி முறையால் அளந்தது. அப்போதும், ஒரு புயல் பெரும் புயலாக இருக்கும் வாய்ப்பு பத்தாண்டுக்குச் சுமார் 8 சதவீதம் கூடி வந்தது தெரிந்தது. அட்லாண்டிக்கில் மட்டும் இதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். 1970, 80-களில் தொழிற்சாலைப் புகை சூரிய ஒளியை மறைத்துக் கடலைக் குளிர்வித்ததும், பின்னர் காற்று சுத்தமானதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன.

முன்னறிவிப்பாளர்களை இப்போது அதிகம் கவலைப்படவைப்பது திடீர் வலுவூட்டம். 24 மணி நேரத்தில் மணிக்கு 55 கி.மீ. கூடினாலே அந்தப் பெயர் வந்துவிடும். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. சாதாரணப் புயலாக இருந்தது, ஒரே நாளில் ஐந்தாம் வகையாகி மெக்சிகோவின் அகாபுல்கோ நகரைத் தாக்கியது. எந்த முன்னறிவிப்பு மாதிரியும் அதை நெருங்கவில்லை. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்து அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும். வெப்பம் ஆழம்வரை இறங்கிய கடலில் கலக்கினாலும் மேலே வருவது வெந்நீர்தான். நாம் வெளியிடும் வாயுக்கள் பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது.

2024-இல் காசினும் மைக்கேல் வெனரும் ஆறாம் வகை ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். மணிக்கு 309 கி.மீ. எல்லை வைத்தால் 2013 ஹையான், 2015 பட்ரீசியா உட்பட ஐந்து புயல்கள் அதில் வந்துவிடுகின்றன; ஐந்தும் 2013 முதல் 2021 வரை வந்தவை. உலகம் எங்கே போகிறது என்று காட்ட அது நல்ல வழி. ஆனால் எச்சரிக்கைக்கு ஆறாம் எண் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை; ஐந்துக்கே ஓடாதவர் ஆறுக்கு ஓடப்போவதில்லை, இரண்டைக் கேட்டு வீட்டில் இருப்பவரின் சிக்கலும் தீராது. 2017 முதல் ஹரிக்கேன் மையம் கடல் எழுச்சிக்கென்று தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் வகை எண் கிடையாது. உங்கள் தெருவில் தரைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கலாம் என்று வரைபடமாகக் காட்டுகிறார்கள்.