பாராளுமன்றத்தை ஜனாதிபதி நினைத்த நேரம் கலைக்கலாமா?

இலங்கையில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதும் மக்கள்தான், பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்வதும் மக்கள்தான். இரண்டும் ஒரே கட்சியின் கையில் இருந்தால் சிக்கல் வெளியே தெரியாது. கட்சி வேறுபட்டால்தான் பாராளுமன்றத்தைக் கலைப்பது பற்றிய, அரசியலமைப்பின் 70ஆவது உறுப்புரையை ஆளாளுக்குத் தேடி வாசிப்பார்கள்.

1978இல் எழுதியபடி, பொதுத் தேர்தல் முடிந்து ஒரு வருடம் ஆனாலே ஜனாதிபதி சபையைக் கலைக்கலாம். எதிர்க்கட்சி பிரதமருடன் முட்டிக்கொண்ட ஜனாதிபதி சந்திரிகா, 2001 டிசம்பரில் தெரிவான சபையை 2004 பெப்ரவரியில் கலைத்தது அந்த விதியை வைத்துத்தான். 2015இல் வந்த 19ஆவது திருத்தம் அந்த ஒரு வருடத்தை நான்கரை வருடமாக்கியது. கணக்கு சபையின் முதல் அமர்வு நாளிலிருந்து. அதற்கு முன் கலைப்பதென்றால் 225 பேரில் 150 பேராவது தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும்.

2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இதைத் தாண்டப் பார்த்தார். நவம்பர் 9 இரவு சபையைக் கலைக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. சபைக்கு அப்போது வயது மூன்றே கால் வருடம்கூட இல்லை. 33ஆவது உறுப்புரையில், பாராளுமன்றத்தைக் கூட்டவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டென்று பொதுவாக எழுதியிருக்கிறதே என்பது அவர் தரப்பு வாதம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த அதிகாரமும் 70இன் நிபந்தனைக்கு உட்பட்டதுதான், கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள்.

அடுத்த ஜனாதிபதி கோட்டாபய நாள் பார்த்துக் காத்திருந்தார். அதே சபையின் முதல் அமர்வு 2015 செப்டெம்பர் 1. அவர் கலைத்தது 2020 மார்ச் 2. அப்புறம் 20ஆவது திருத்தம் நான்கரையை இரண்டரை வருடமாகக் குறைத்தது. 2022இன் 21ஆவது திருத்தம் மற்றப் பலதை மாற்றினாலும் இதில் கைவைக்கவில்லை.

சரி, சபையால் ஜனாதிபதியை அனுப்ப முடியுமா? நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் போவது பிரதமரும் அமைச்சரவையும்தான். ஜனாதிபதியை நீக்கக் குற்றப் பிரேரணை வேண்டும்: அதற்கு 150 வாக்கு, உயர் நீதிமன்ற விசாரணை, திரும்பவும் 150 வாக்கு. இதுவரை எவரும் அப்படி நீக்கப்படவில்லை.

இப்போதைய சபை 2024 நவம்பர் 21இல் கூடியது. ஆக, 2027 மே 21 வரை ஜனாதிபதி தன்னிச்சையாக அதைக் கலைக்க முடியாது. ஆனால் 2024 தேர்தலில் ஆளும் தரப்பு பெற்றதோ 159 ஆசனம். 150 பேரின் தீர்மானத்துக்கு எதிர்க்கட்சி வாசலில் நிற்கத் தேவையில்லை.