காசு கொடுத்துத்தானே வாங்கினேன்!

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது வழக்கு இது. படுவான்கரையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒரு தாய், மட்டக்களப்பு நீதவான் நீதிமன்ற வாசலில் சட்டத்தரணியான என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என் பிள்ளை களவெடுக்கவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினான்." பிள்ளைக்கு வயது 19. பஸ் நிலையத்தடியில் 15,000 ரூபாவுக்கு ஒரு கைப்பேசி. பெட்டி இல்லை, சார்ஜர் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. கடையில் அதே கைப்பேசி 60,000 ரூபா. சிம் போட்டு ஆறு வாரம் பேசியிருக்கிறான். ஏழாவது வாரம் பொலிஸார் படலையைத் தட்டினார்கள்.

காசு கொடுத்ததால் மட்டும் யாரும் தப்ப முடியாது. படித்தவர்களும் இதே பேச்சோடு வருவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் களவெடுத்தவனுக்கு 367ஆம் பிரிவு. களவுப் பொருளை வாங்கியவனுக்கு 394ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. களவென்று தெரிந்து வாங்கினால்தான் குற்றம் என்பதல்ல. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையீனமாக வாங்கினாலே குற்றம்தான். காற்பங்கு விலையும் காணாமற்போன பெட்டியும் காரணமில்லையென்றால் வேறு எது காரணம்? வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் அந்தப் பிரிவில் அடங்கும். வாங்கும்போது தெரியாது, பிறகு தெரியவந்தது, "சரி, கிடக்கட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டால் அங்கேயும் அகப்படுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. களவு நடந்து சிறிது காலத்துக்குள் பொருள் ஒருவர் கையில் அகப்பட்டு, அது எப்படி வந்தது என்று அவரால் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவரே கள்வர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அது. "ஒரு பொடியன் தந்தான்" என்று சொல்வது கணக்கில் சேராது.

களவுப் பொருள் என்றால் களவெடுத்தது மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் நகை போனால் பத்திரிகைகள் 'கொள்ளை' என்று தலைப்பிடுகின்றன. எனக்கு எரிச்சல் வரும். ஆளைக் காயப்படுத்தியோ, தடுத்து வைத்தோ, உடனடியாகத் தீங்கு வரும் என்று பயமுறுத்தியோ பறித்தால்தான் கொள்ளை. அடகு வைத்துத் தரச் சொல்லிக் கொடுத்த நகையைச் சொந்தமாக்கினால் நம்பிக்கை மோசடி. வெளிநாட்டு வேலை என்று பொய் சொல்லிப் பணம் வாங்கினால் ஏமாற்றுதல். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் 'களவு' என்றே முறைப்பாடு எழுதிவிட்டு வருகிறார்கள். பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார்: "நீங்கள்தானே உங்கள் கையால் எடுத்துக் கொடுத்தீர்கள்?" (நானும் கேட்டிருக்கிறேன். அது தொழில்.) களவெடுத்த பொருள் மட்டுமல்ல, கொள்ளையடித்த பொருளும் நம்பிக்கை மோசடி செய்த பொருளும் 393ஆம் பிரிவின்படி களவுப் பொருள்தான்.

ஆகவே பழைய கைப்பேசி வாங்குவதென்றால் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க அடையாள எண்ணும் (IMEI) பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி இல்லையா, வாங்காதீர்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியையும் கையெழுத்திட்ட துண்டையும் கேளுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள். நீர் இறைக்கும் இயந்திரமும் அப்படித்தான். வேளாண்மைக் காலத்தில் பாதி விலைக்கு வரும் இயந்திரம் வேறொருவர் வயலில் ஓடியதாக இருக்கலாம். மாடு என்றால் குறியைப் பாருங்கள், உரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாலும் அவர் நகையை உங்கள் பெயரில் அடகு வைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், அக்காவின் பெயர் இருக்காது. தெருவில் கிடந்த கைப்பேசி என்றால் பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள்; சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு வைத்துக்கொள்வது வேறொரு பிரிவின் கீழ் வரும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இப்போது சந்தேகம் வருகிறது என்றால், தயவுசெய்து அதை இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள். ஒரு சட்டத்தரணியோடு போய்க் கொடுத்துவிடுங்கள்.

மகனுக்குப் பிணை கிடைத்து வெளியே வந்ததும் அந்தத் தாய் கேட்டார்: "அந்தப் 15,000 ரூபா திரும்பக் கிடைக்குமா ஐயா?" விற்றவன் பெயர் என்ன என்று மகனிடம் கேட்டேன். "மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்" என்றான்.