செருப்பைக் கழற்றிய மூஸாவும் பெயர் மாறிய தஃப்சீரும்

அரபு நூல்களின் தமிழாக்கங்களைச் செம்மைப்படுத்துவது என் தொழில். மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் ஒரு வரி அடிக்கடி தட்டுப்படுகிறது: "இந்த வசனத்தின் உண்மையான பொருள் வேறு, இப்னு அரபி தம் தஃப்சீரில் சொல்கிறார்." தஃப்சீர் என்றால் குர்ஆன் விரிவுரை; இப்னு அரபி புகழ்பெற்ற சூஃபி ஞானி. ஒரே வரிக்குள் இரண்டு சிக்கல்கள்.

முதலில் பெயர். 'தஃப்சீர் இப்னு அரபி' என்று பெய்ரூத்தில் அச்சான நூல் பல மத்ரஸா அலமாரிகளில் இருக்கிறது. அதை எழுதியவர் அப்துர் ரஸ்ஸாக் காஷானி. 1330 வாக்கில் மறைந்தவர். துப்பு நூலுக்குள்ளேயே கிடக்கிறது. குர்ஆனின் கஸஸ் அத்தியாய விளக்கத்தில், எங்கள் ஷெய்க் நூருத்தீன் அப்துஸ் ஸமதிடம் கேட்டிருக்கிறேன் என்கிறார் ஆசிரியர். அந்த ஷெய்க் காஷானியின் ஆசான், 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வாழ்ந்தவர். இப்னு அரபியோ 1240இலேயே திமிஷ்கில் (டமாஸ்கஸில்) காலமாகிவிட்டார். அட்டையில் பெரிய பெயர் இருந்தால் புத்தகம் விற்கும் என்பது பதிப்பாளர்களுக்குப் பழைய பாடம்தான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது: 'உண்மையான பொருள் வேறு' என்ற துணிச்சல். தூர் மலையருகே மூஸா நபிக்கு, "உம் காலணிகளைக் கழற்றும்" என்ற கட்டளை வந்தது (20:12). காலணிகள் என்றால் இம்மையும் மறுமையும். இரண்டின் மீதுள்ள பற்றையும் விடு என்பதே பொருள் என்று சூஃபிகள் சொன்னார்கள். இமாம் கஸ்ஸாலியும் (மறைவு 1111) 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் இதை ஏற்கிறார். ஆனால், மூஸாவின் காலில் செருப்பே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணாதீர்கள் என்று உடனே கடிவாளம் போடுகிறார். மூஸா செருப்பையும் கழற்றினார், ஈருலகையும் உதறினார். வெளிப்பொருளைத் தள்ளுகிறவன் பாத்தினி, உள்பொருளைத் தள்ளுகிறவன் ஹஷ்வி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவனே முழுமையானவன் என்பது அவர் தீர்ப்பு. எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

இந்தக் கவலை இன்று முளைத்ததும் அன்று. நிஷாப்பூரின் சுலமி (மறைவு 1021) சூஃபிகளின் விளக்கங்களைத் திரட்டி 'ஹகாயிகுத் தஃப்சீர்' என்று தொகுத்தார். இதைத் தஃப்சீர் என்றே அவர் நம்பியிருந்தால் அது குஃப்ர், அதாவது இறைமறுப்பு, என்று பின்னர் விரிவுரையாளர் வாஹிதி கொதித்தார். பின்னாளில் ஹதீஸ் அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் சற்று நிதானமாகப் பேசினார்: நம்பகமான சூஃபிகள் அவற்றை வசனத்தின் விளக்கமாகச் சொல்லவில்லை, வசனம் மனத்தில் எழுப்பிய ஒப்புமையாகவே சொன்னார்கள், ஆனாலும் குழப்பம் வரும் என்பதால் இவ்வளவு தாராளம் வேண்டாம்.

ஆகவே 'பொருள்' என்று வரும் இடத்தில் 'இஷாரா', அதாவது சூஃபிகள் கண்ட குறிப்பு, என்று மாற்றச் சொல்கிறேன். 'ஜஅஃபர் ஸாதிக் கூறினார்' என்றிருந்தால், 765இல் மறைந்த அந்த இமாமின் பேச்சு இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சுலமியின் ஏட்டில் வருவதால், 'ஜஅஃபர் கூறியதாகச் சுலமி தருவது' என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் முணுமுணுக்கிறார்கள், வரி நீள்கிறதாம்.